தொட்டிக்கு வெந்நீர்

எங்கள் சபையில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால், அன்று காலை அம்மாவின் ஃபிளாஸ்க்கும் ஆலயத்துக்கு வரும். சிவப்பு மூடி போட்ட ஒரு லிட்டர் ஃபிளாஸ்க். ஆலய வாசலை ஒட்டி நிற்கும் ஞானஸ்நானத் தொட்டி கருங்கல்லால் ஆனது. அதன் குழியில் ஒரு பித்தளைக் கிண்ணத்தை வைத்து, மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை ஊற்றுவார்கள். ஜனவரி மாதச் செகந்திராபாத்தில் அந்தத் தண்ணீரை மூன்று மாதக் குழந்தையின் தலையில் மூன்று முறை விட்டால், அது போடும் கூச்சலில் போதகர் சொல்லும் பெயர் யாருக்கும் கேட்காது. ஒரு பெண் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பது அப்படித்தான் சபைக்கு ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. அதற்கு அடுத்த ஞானஸ்நானத்துக்கு அம்மா ஃபிளாஸ்க்கோடு போனாள். அன்றிலிருந்து இது அவள் வேலை.

ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்பே போய்விடுவாள். முதலில் குழாய்த் தண்ணீர், பிறகு வெந்நீர், பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு முழங்கையைக் கிண்ணத்தில் முக்கிப் பார்ப்பாள். விரலை நம்ப மாட்டாள். "வெரலு பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு மரத்துப் போச்சு. முழங்கைதான் பொய் சொல்லாது" என்பாள்.

இதையெல்லாம் நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனாலும் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

நாங்கள் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். அப்பா லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறார். இன்றும் சைக்கிளில்தான் போகிறார். நான் பாலாநகரில் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அங்கே ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தாள் உண்டு: எப்போது செய்தது, யார் சோதித்தது, கையெழுத்து. தாள் இல்லாத பாகம் எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் வாசலைத் தாண்டாது. இந்தப் புத்தி ஞாயிற்றுக்கிழமையும் என்னை விடவில்லை என்பதுதான் பிரச்சினையின் ஆரம்பம்.

சபையில் நான் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன். குழந்தையாக இருந்தபோது மற்றவர்கள் தங்களுக்காகச் சொன்ன வாக்குறுதியை, பதினான்கு பதினைந்து வயதில் தாங்களே எழுந்து நின்று சொல்ல வேண்டிய பிள்ளைகளுக்கான வகுப்பு. அதை முடித்தவர்கள்தான் திருவிருந்தில், அதாவது அப்பமும் திராட்சை ரசமும் பெறும் பந்தியில், சேரலாம். பழைய ஆட்கள் எடுத்தால் தூக்கம் வரும் என்று சொல்லி, நானே கேட்டு வாங்கிய வேலை. வெள்ளைப் பலகையில் வண்ண வண்ணமாக எழுதிப் போடுவேன். ஞானஸ்நானம் தனி ஆளின் விஷயம் இல்லை. சபை முழுவதும் எழுந்து நின்று சாட்சியாக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். மறுபடி கொடுக்கக் கூடாது. சாகக் கிடக்கும் குழந்தைக்குப் போதகர் வர நேரமில்லை என்றால், ஞானஸ்நானம் பெற்ற எந்த விசுவாசியும் தண்ணீர் விட்டுக் கொடுக்கலாம். இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னால் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான்.

ஒரு வகுப்பில் கேட்டேன்: "உங்களில் யாருக்குத் தங்கள் ஞானஸ்நானத் தேதி தெரியும்?" பதினோரு பேர். ஒரு கைகூட உயரவில்லை. ஒருத்தி தெலுங்கில் முணுமுணுத்தாள், "ஆதார் கார்டுல இருக்குமா அண்ணா?" என்கிற அர்த்தத்தில்.

எனக்குப் பொறுக்கவில்லை. பிறந்தநாள்காரர்களும் திருமண நாள்காரர்களும் ஞாயிறுதோறும் முன்னால் வந்து நிற்கிறார்கள். சபை பாட்டுப் பாடுகிறது. ஞானஸ்நான நாளுக்கு மட்டும் ஒன்றுமில்லையா? கமிட்டியில் போய்ப் பேசினேன். பீரோவில் கிடக்கும் பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன், அந்தந்தத் தேதியில் சபை வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்து போகும் என்றேன். வேறு யாருக்கும் வேலை வைக்காத யோசனை என்பதால் உடனே சரி சொன்னார்கள்.

மூன்று மாதம் அதிலேயே கிடந்தேன். பூச்சி அரித்த பக்கங்களை மொபைலில் படம் எடுத்து, பெரிதாக்கி, ஒவ்வொரு பெயராகத் தட்டினேன். தமிழ் எழுத்தே எனக்கு ஞாயிறு பள்ளியில் கிடைத்ததுதான். பழைய போதகர்களின் கையெழுத்தோடு மல்லுக்கட்டி அது இன்னும் கொஞ்சம் தேறியது. கடைசியில் தேதி கிடைக்காதவர்கள் முப்பது பேர்போல மிஞ்சினார்கள். எல்லோரும் வேறு ஊர்ச் சபைகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் அம்மாவும் ஒருத்தி.

"அம்மா, உன் ஞானஸ்நானம் எங்க? எப்போ?"

"காசிப்பேட்டைலதான்" என்றாள். குக்கரில் விசில் வந்தது. எழுந்து போய்விட்டாள்.

காசிப்பேட்டை என்றால் நான் பிறந்த ஊர். அப்பாவுக்கு அங்கே ஆறேழு வருடம் வேலை. அம்மா செகந்திராபாத்துக்காரி, வெள்ளைக்காரன் காலத்திலேயே இங்கே வந்துவிட்ட தமிழ் இந்துக் குடும்பம். அப்பாவோ வேலூர்ப் பக்கம் நாலு தலைமுறைக் கிறிஸ்தவர். காதல் கல்யாணம், பதிவுத் திருமணம், காசிப்பேட்டையில் குடித்தனம். ஆக அம்மா அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். எல்லாம் சரியாகத்தான் பொருந்தியது.

முதல் வாழ்த்து அம்மாவுக்கே போக வேண்டும் என்று நினைத்தேன். சொல்லாமல் செய்ய வேண்டும் என்றும் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை விடுமுறை போட்டுவிட்டுக் காலை பாசஞ்சரில் காசிப்பேட்டைக்குப் போனேன்.

அங்கே ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் பதிவேட்டை எடுத்துத் தந்தார். என் பெயர் இருந்தது. தேதி, தகப்பன் பெயர், தாய் பெயர். பெற்றோர் பெயர்களுக்கு நேராக எந்தச் சபை என்று எழுத ஒரு கட்டம். அப்பாவுக்கு நேராக மையில் "வேலூர்" என்று இருந்தது. அம்மாவுக்கு நேராகப் பென்சிலில் ஒரே ஒரு சொல்: "ஆயத்தத்தில்."

அதற்கு முன் மூன்று வருடம், பின் நான்கு வருடம் புரட்டினேன். அம்மா இல்லை. ஞானஸ்நானத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள் என்று எழுதிய போதகர் இறந்தே பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்தப் பென்சில் எழுத்துக்கு மேல் யாரும் மை தடவவில்லை.

எனக்கு அதிர்ச்சி வரவில்லை. சந்தோஷம் வந்தது, அதைத்தான் இப்போது நினைத்தால் கூசுகிறது. எங்களுக்கெல்லாம் கைக்குழந்தையில் யாரோ வாங்கித் தந்தது. அம்மா தன் வாயாலேயே "விசுவாசிக்கிறேன்" என்று சொல்லி, விழித்த கண்ணோடு வாங்கப் போகிறாள்! திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து திட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு ஞாயிறு, ஒரு வெள்ளைப் புடவை, அரை மணி நேரம். ஃபிளாஸ்க்கை நான் தூக்கிக்கொண்டு போவேன். இதில் என்ன கஷ்டம்?

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில்தான் போதகர் வீடு. போகிற போக்கில் சொல்லிவிடலாம் என்று நுழைந்தேன்.

எங்கள் போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம், அது பழைய வழக்கம். திருநெல்வேலிக்காரர், என்னைவிடப் பத்து வயதுதான் பெரியவர். ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் துணியைப் பிழிந்து கைப்பிடியில் போட்டார்.

"அம்மாட்ட கேட்டீங்களா?"

"இல்ல ஐயா, இனிமேதான். நேரா இங்க வந்துட்டேன்."

"இத எதுக்குத் தம்பி எங்கிட்ட சொன்னீங்க?"

எனக்குப் புரியவில்லை. "உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட..."

"தெரியாம இருந்த வரைக்கும் அது வேற. இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சுல்லா? மாச முதல் ஞாயித்துக்கிழமை உங்க அம்மா வந்து முழங்கால் போட்டுக் கைய நீட்டுவாங்க. ஞானஸ்நானம் வாங்கினவங்களுக்குத்தான் அந்தப் பந்தி. தெரிஞ்சுக்கிட்டே நான் எப்படி அப்பத்த வைக்க? அது நான் போட்ட சட்டம் இல்லையே."

"அப்ப நான் சொல்லலன்னு வச்சுக்கங்க ஐயா."

"வச்சுக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

முடியாது. எனக்கே தெரிந்தது. தாள் இல்லாத பாகத்தைத் தாள் இல்லை என்று தெரிந்தபின் அனுப்பியிருக்கிறேனா நான்?

வீட்டில் அம்மா தரையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்தேன்.

"காசிப்பேட்டைக்குப் போயிருந்தேன்மா."

கத்தி நின்றது. "கைக்கு?" எதற்கு என்பதற்கு எங்கள் ஊர் உருதுச் சொல்.

சொன்னேன். பதிவேடு, பென்சில், அந்தச் சொல். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கேட்ட முதல் கேள்வி: "யார்கிட்ட சொன்ன?"

"ஐயர்கிட்ட."

ஒரு கொத்தவரங்காயின் முனையைக் கிள்ளிப் போட்டாள். பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

அவளுடைய அப்பா கல்யாணத்துக்குத் தடை சொல்லவில்லையாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள், எங்கே வேண்டுமானாலும் போய்க் கும்பிடு, நான் இருக்கிறவரை தலையில் அந்தத் தண்ணீரை மட்டும் விட்டுக்கொள்ளாதே. அம்மாவும் சரி என்றிருக்கிறாள். "காசிப்பேட்டை ஐயர் தேதி குறிப்பாரு. நானும் ரெடி ஆவேன். எப்படியோ அந்த வாரம் பாத்து அவரு போன் பண்ணுவாரு, 'நல்லா இருக்கியாம்மா'ன்னு. அவ்ளோதான் கேப்பாரு. நான் போய் ஐயர்கிட்ட, அடுத்த மாசம் பாக்கலாங்க ஐயா, அப்டீம்பேன்."

பிறகு அப்பாவுக்குச் செகந்திராபாத்துக்கு மாற்றல். அந்தப் போதகர் இந்தச் சபைக்குக் கொடுத்த மாற்றுக் கடிதத்தில் "இன்னாரும் குடும்பத்தாரும்" என்று இருந்தது. இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. முதல் திருவிருந்து ஞாயிறு அம்மா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள், "கைக்கு உக்காந்திருக்கீங்க சிஸ்டர், வாங்க வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"மண்டி போட்டேன். பக்கத்துல எல்லாரும் கைய நீட்டுனாங்க, நானும் நீட்டுனேன். வச்சுட்டாரு. வேணாம்னு திருப்பிக் குடுக்க அது என்ன பக்கோடாவா? வாயில போட்டேன். அன்னிக்கு அழுதேன்டா. பயத்துல இல்ல." கத்தியைக் கீழே வைத்தாள். "அப்புறம் எப்படி நிறுத்துறது?"

"தாத்தா செத்தப்புறம் வாங்கியிருக்கலாமேம்மா?"

"அப்போ நான் பெண்கள் ஐக்கியத்துல செயலாளர். எந்தப் பொம்பளை முன்னாடி போய் நின்னு என்னன்னு சொல்ல?"

அப்பா வந்தபோது ஆறு மணி. சைக்கிளை உள்ளே ஏற்றும்போதே எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அம்மாவை அல்ல, என்னைத்தான் பிடித்தார்.

"உன்ன யார்டா இத்தெல்லாம் நோண்டச் சொன்னது? இருவது வருஷமா ஒரு பொம்பள சர்ச்சுக்கு வந்துக்கினு இருக்கா. ஆண்டவருக்குத் தெரியாத சமாச்சாரமா? அவரே சும்மாகீறாரு, நீ கம்ப்யூட்டர எடுத்துக்கினு கெளம்பிட்ட!"

நான் எழுந்து போய் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டேன். வகுப்பில் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறவன் நான்.

செவ்வாய்க்கிழமை மாலை ஐயர் வீட்டுக்கு வந்தார். அம்மா டீ போட்டாள். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே, மெதுவாக, கெஞ்சுகிற மாதிரிப் பேசினார்.

"வர்ற சனிக்கிழமை இங்கயே வச்சுக்கிடலாம்மா. நாம நாலு பேருதான். பத்து நிமிஷம். பதிவேட்டுல எழுதிருவேன். யார்ட்டயும் சொல்ல வேண்டாம். மறுநாள் நீங்க எப்பவும்போல வரலாம்."

எனக்கு உயிர் வந்தது. "ஆமாம்மா, இது நல்ல யோசனை."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீதானே போர்டுல எழுதிப் போட்ட? ஒளிச்சு வச்சுக் குடுக்குறது இல்ல, சபை எழுந்து நிக்கணும்னு? சிவப்பு மையில வேற. ஹால் கூட்டும்போது நான்தானே அழிச்சேன்."

ஐயர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். "அப்ப ஞாயித்துக்கிழமையே எல்லார் முன்னாலயும் வச்சுக்கிடுவோம்மா. நான் பேசுதேன். யாரும் தப்பா நினைக்காதபடி சொல்லுதேன்."

"எனக்கு வேணும் ஐயா. இன்னிக்கு நேத்து இல்ல, காசிப்பேட்டைல இருந்தே வேணும்." அம்மா டீத் தட்டைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "ஆனா இப்போ எழுந்து நின்னு வாங்குனா, இத்தினி வருஷம் அங்க மண்டி போட்டு வாங்குனது எல்லாம் பொய்னு ஆயிடும். நானே பொய்னு சொல்லிட்டு வாங்கணும். அது பொய் இல்லயே ஐயா. நீங்க சொல்லுங்க, அது பொய்யா?"

ஐயர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஆடை படர்ந்துவிட்டது.

"எனக்குச் சொல்லத் தெரியல்லம்மா" என்றார் கடைசியில். அந்தப் பதிலுக்காக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. ஆனால் அதனால் ஒன்றும் ஆகவில்லை.

அந்த மாத முதல் ஞாயிறு. வரிசை வரிசையாக எழுந்து பீடத்தின் முன்னால் உள்ள மரக் கிராதிக்குப் போனோம். எங்கள் பெஞ்சின் முறை வந்தபோது அம்மா முழங்காலை ஒடுக்கிக்கொண்டு எங்களுக்கு வழி விட்டாள். அப்பா விறைப்பாக முன்னால் நடந்தார். நான் மண்டியிட்டுக் கையை நீட்டினேன். அப்பத்தை வைத்தபோது ஐயர் என் கண்ணைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. திரும்பும்போது அவ்வளவு பெரிய பெஞ்சில் அம்மா தனியாக உட்கார்ந்து ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம். புத்தகம் தேவையே இல்லை.

வாசலில் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி பிடித்துக்கொண்டார். பள்ளி ஆசிரியை, எதையும் பாதியில் விட மாட்டார். "என்னக்கா, இன்னிக்கு முன்னால வரல?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "முட்டி வலி ஆன்ட்டி. மண்டி போட முடியல."

அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அடுத்த ஞாயிறு ஆன்ட்டி ஒரு தைல பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு அடுத்த வாரம் ராமந்தாபூரில் ஒரு எலும்பு டாக்டரின் விலாசம். அம்மா இரண்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "நல்ல ஆளுடா நீ. ஒரு பொய்ய மறைக்க எனக்கு ஒரு வியாதி குடுத்துட்ட" என்றாள் பஸ்ஸில். அப்போதும் எங்களுக்குச் சிரிக்க முடிந்தது.

அடுத்த திருவிருந்து ஞாயிறு நானும் அம்மாவோடு உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவள் இல்லாத பந்தி எனக்கும் வேண்டாம் என்று ஏதோ வீராப்பு. எங்கள் முறை வந்தது, நான் அசையவில்லை. அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"எழுந்து போடா."

"நான் போகல."

"ரெண்டு பேரா உக்காந்தா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. போ."

போனேன். வந்தேன். அப்போதுதான் அது நடந்தது.

எங்கள் சபையில், எழுந்து வர முடியாத முதியவர்கள் இருந்தால், எல்லோருக்கும் கொடுத்து முடித்தபின் ஐயரே அப்பத்தையும் ரசப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு அவர்கள் பெஞ்சுக்கு வருவார். அன்று பெஞ்சுக்கு வர வேண்டியவர் ஒரே ஒரு பெரியவர், முன்வரிசையில். ஐயர் அவருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். ஆன்ட்டி தன் இடத்திலிருந்து எழுந்து, நல்ல மனதோடு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஐயா, அக்காவுக்கு!" என்று எங்கள் பெஞ்சைக் காட்டினார்.

ஐயர் நின்றார். சபை முழுவதும் எங்கள் பக்கம் திரும்பியது, பாசத்தோடுதான். பாத்திரம் பிடித்திருந்த உதவியாளர் அதற்குள் நாலடி எங்களை நோக்கி நடந்துவிட்டார். ஐயருக்கு வேறு வழியில்லை, அவரும் வந்தார். நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது? வேண்டாம் என்றா? கொடுங்கள் என்றா? இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல்கூட எனக்கு யாரும் கற்றுத் தந்ததில்லை.

அம்மாவின் வலது கை புடவை மடியிலிருந்து கொஞ்சம் எழுந்தது. பழக்கம். பாதியில் நின்றது. பிறகு இடது கையைத் தேடிப் போய்ச் சேர்ந்து, இரண்டும் கூப்பிக்கொண்டன. தலையைக் குனிந்தாள்.

ஐயர் அப்பத் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை அவள் தலையில் வைத்தார். திடப்படுத்தல் முடிக்காத பிள்ளைகள் அம்மா அப்பாவோடு கிராதிக்கு வந்தால் அப்படித்தான் செய்வார். உதடு அசைந்தது; என்ன சொன்னார் என்று எனக்கே கேட்கவில்லை. பிறகு திரும்பிப் பீடத்துக்குப் போனார். பாத்திரம் பிடித்தவர் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே போனார்.

சிறுபிள்ளைகளுக்குச் செய்வதை அம்மாவுக்குச் செய்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஆன்ட்டி உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தார். அதன்பிறகு வாசலில் யாரும் முட்டி வலியைப் பற்றிக் கேட்கவில்லை. வேறு எதையும் கேட்கவில்லை. அம்மா வந்தால் பேச்சை நிறுத்துகிறவர்களும் இல்லை; எல்லோரும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் அன்பாகப் பேசினார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து அன்று மதியம் முழுக்க அலமாரியை ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள்.

நான் ஐயரிடம் இரண்டு முறை போனேன். அப்பாவிடம் ஒருமுறை பேசிப் பார்த்தேன். பழைய நூல்களைத் தேடினேன். வேறு சபைகளில் என்ன செய்கிறார்கள் என்று இரவெல்லாம் மொபைலில் படித்தேன். ஓரிடத்தில் எல்லோருக்கும் பந்தி திறந்திருக்கிறது, ஓரிடத்தில் ஆற்றில் முழுதாக முக்குகிறார்கள், ஓரிடத்தில் அம்மாவுக்கு நேர்ந்த மாதிரி நேர்ந்தால் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். அம்மாவிடம் சொன்னேன், வேண்டுமானால் வேறு சபைக்குப் போகலாம் என்று. "நக்கோ" என்று, வேண்டாம் என்பதை ஒரே உருதுச் சொல்லில் முடித்துவிட்டாள்.

ஜனவரியில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று அறிவிப்பு வந்தது. அம்மா இந்த முறை போக மாட்டாள் என்று நான் நினைத்தேன். ஞாயிறு காலை அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டு எழுந்து வந்தால், ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இந்தா, நீ தூக்கிக்கோ. எனக்குத்தான் முட்டி வலியாச்சே."

ஆலயத்தில் இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. அம்மா கிண்ணத்தைத் துடைத்து வைத்தாள். குழாய்த் தண்ணீர், வெந்நீர், முழங்கை. சரியில்லை போல, இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். மறுபடி முழங்கை. தலையாட்டினாள்.

ஆராதனையில் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். சபை எழுந்து நின்றது. இந்தப் பிள்ளையைத் தாங்குவோம் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டிய இடத்தில் அம்மாவின் குரல் என் காதோரம் தெளிவாகக் கேட்டது. ஐயர் மூன்று முறை தண்ணீர் விட்டார். குழந்தை கண்ணைச் சிமிட்டிக் கொட்டாவி விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். பெயர் கடைசி பெஞ்சுவரை கேட்டது.

எல்லோரும் போனபிறகு அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. மதிலோரம் செம்பருத்திச் செடியின் அடியில் ஊற்றுவது வழக்கம். நான் ஃபிளாஸ்க்கோடு பக்கத்தில் நின்றேன். கிண்ணத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. வாசலில் யாருமில்லை. எனக்குச் சொல்ல வேண்டிய வார்த்தைகள் எல்லாம் தெரியும். பதினோரு பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தவை.

"அம்மா."

"என்ன?"

"அவசரம்னா யார் வேணும்னாலும் குடுக்கலாம். ஞானஸ்நானம் வாங்கினவங்க யாரும்."

அம்மா கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கிண்டலாகச் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவும் செய்தாள். ஆனால் உடனே ஊற்றிவிடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் என்ன சாகவா கெடக்குறேன்?" என்றாள் பிறகு. குனிந்து, ஒரே இடத்தில் கொட்டாமல், செடியைச் சுற்றி மெதுவாக ஊற்றினாள். மண் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் கேட்டாள், "உன் லிஸ்ட்ல எனக்கு நேரா என்ன போட்டிருக்க?"

"ஒண்ணும் போடல. காலியா இருக்கு."

"காலியா விடாதடா. காசிப்பேட்டை ஐயர் எழுதினாருன்னு சொன்னியே, அதையே எழுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன் கம்ப்யூட்டர்ல பென்சில் இருக்கா?" என்றாள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதலில் அன்றைய குழந்தையின் பெயரையும் தேதியையும் ஏற்றினேன். பிறகு அம்மாவின் வரிசைக்குப் போய் "ஆயத்தத்தில்" என்று தட்டினேன். ஏற்கவில்லை. அந்தக் கட்டத்தில் தேதியைத் தவிர எதையும் எழுத முடியாதபடி நான்தான் ஆரம்பத்தில் ஒரு விதி வைத்திருந்தேன், யாரும் தப்பாக எழுதிவிடக் கூடாது என்று. விதியை நீக்க இரண்டு நொடிகூட ஆகவில்லை. எழுதினேன். சாம்பல் நிறம் கொடுத்தேன்.

அதற்கு மேல் என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடுக்களையில் அம்மா ஃபிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது.